கோடியக்கரையில் ஒரு மார்கழி ஞாயிறு: வாத்துகளைப் பார்த்தோமா, பார்க்கவில்லையா?

மூக்கனேரிக்கரை (திங்கள் இரவு)

பறவை பார்க்கும் குழும நண்பர்களுக்கு வணக்கம். சேலத்திலிருந்து நாங்கள் நால்வர், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறான நேற்று, கோடியக்கரைக்குப் போய்வந்தோம். வலசை வரும் வாத்துகளைக் கடலோரத்தில் ஒரு முறையாவது கூட்டமாகப் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே நோக்கம். மனம் நிறைந்தும் நிறையாமலும் திரும்பியிருக்கிறேன். எங்கே தவறினோம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சனி இரவு 10 மணிக்கு வர வேண்டிய வாடகை வண்டி 11.30க்குத்தான் வந்தது. நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஏறத்தாழ 300 கிலோமீட்டர் கடந்து வேதாரண்யம் சேர்ந்தபோது நன்றாக விடிந்திருந்தது. பல் துலக்கி, இட்லி சாப்பிட்டு, அகஸ்தியம்பள்ளி தாண்டிச் சதுப்பின் ஓரத்தில் ஸ்கோப்பை (தாங்கியில் பொருத்தும் தொலைநோக்கியை) நிறுத்தியபோது மணி 8.10. (சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி 1930இல் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பு அள்ளிய இடம் இதுதான் என்று எங்களில் மூத்தவர் நினைவூட்டினார். நாங்கள் வண்டியில் வந்தே இடுப்பு விட்டுப்போயிருந்தது.)

முதலில் கண்ணில் பட்டவை பூநாரைகள். இளஞ்சிவப்பு நூலை நீட்டிக் கட்டியதுபோல் தொலைவில் வரிசையாக நின்றன. கிட்டத்தில் பவளக்கால் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் மேய்ந்தன. உப்பளத்து வரப்பில் ஆலாக்கள் அனைத்தும் காற்றுக்கு முகம் கொடுத்து உட்கார்ந்திருந்தன. வாத்துகள் மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், தண்ணீரும் வானமும் சேரும் இடத்தில், கருப்புப் பட்டையாகக் கிடந்தன. ஸ்கோப்பில் பார்த்தால் கழுத்தின் வெள்ளை தெரிந்த சிலவற்றை ஊசிவால் வாத்து என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. மற்றவை தலையைச் சிறகில் செருகி உறங்கின. 9 மணிக்குள் கானல் கிளம்பிவிட்டது. பறவைகள் அனைத்தும் கொதிக்கும் எண்ணெய்க்குள் கிடப்பவைபோல் நெளிந்தன. பத்தாயிரம் இருக்கும் என்று குறித்துக்கொண்டோம்.

அதன்பின் காட்டுக்குள் வெளிமான்களைப் பார்த்துவிட்டு, பிற்பகல் 3 மணிக்கு அதே இடத்துக்கு வந்தோம். சூரியன் நேர் எதிரே இருந்ததால் எல்லாம் நிழலுருவாகத்தான் தெரிந்தது. 4 மணிக்குச் சேலம் நோக்கித் திரும்பிவிட்டோம்.

என் ஐயங்கள் இரண்டு. ஒன்று, இவ்வளவு தூரம் போயும் வாத்துகள் ஏன் கிட்டத்தில் இல்லை, ஏன் பகல் முழுதும் உறங்கின? மற்றொன்று, சாலையோர மழைநீர்க் குட்டையில் மட்டும் மூன்று சிறிய பழுப்பு வாத்துகள் 40 அடி தொலைவில் நின்றன. அவற்றில் ஒன்றின் படத்தை இணைத்திருக்கிறேன். கிளுவையா, நீலச்சிறகியா என்று வண்டியில் வரும் வழியெல்லாம் சண்டை.


உப்பங்கழி (செவ்வாய் காலை)

மூக்கனேரிக்கரை ஐயா, எங்கள் பகுதிக்கு வந்துபோனதற்கு மகிழ்ச்சி. தாங்கள் தவறவிட்டது இடத்தை அன்று, நேரத்தை.

கடற்கரை என்று சொல்கிறோமே தவிர, இங்கே வரும் ஊசிவால், தட்டைவாயன், நீலச்சிறகி ஆகிய வாத்துகளுக்குக் கடலோடு பெரிய தொடர்பு கிடையாது. அவை மூழ்கித் தேடுபவை அல்ல. தலையை மட்டும் நீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, அடிச்சேற்றில் கிடக்கும் விதையையும் புழு பூச்சிகளையும் எடுப்பவை. ஆகவே முழங்கால் அளவுக்கும் குறைவான தண்ணீர்தான் அவற்றுக்கு உதவும். ஊசிவாலுக்குக் கழுத்து நீளம் என்பதால் மற்றவற்றுக்கு எட்டாத ஆழத்திலும் அது மேயும். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு சதுப்பில் நன்னீர் கலந்து உப்பு இறங்கியிருக்கும். மாதங்கள் செல்லச் செல்லத் தண்ணீர் வற்றி உப்பு ஏறும்; பூநாரைக்கு அது பொருட்டில்லை, வாத்துக்கு ஆகாது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. குளிர்காலத்தில் இந்த வாத்துகள் பெரும்பாலும் இரவில் மேய்பவை. பகலில் ஆளும் நாயும் அணுக முடியாத நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதந்து உறங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் எழுந்து, வயலுக்கும் குட்டைக்கும் போகும். சம்பா அறுவடை நடக்கும் இந்த மாதங்களில், ஈர வயலில் உதிர்ந்து கிடக்கும் நெல் அவற்றுக்குப் பெரிய விருந்து. விடியுமுன் திரும்பிவந்துவிடும். தாங்கள் 8 மணிக்குப் பார்த்தது, இரவு வேலை முடிந்து வந்து படுத்தவர்களை. மாலையில் அவை எழும்பும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தாங்கள் புறப்பட்டுவிட்டீர்கள்.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு சொல். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை செல்லும் சாலைக்குச் சதுப்பு மேற்கே விரிந்து கிடக்கிறது. காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நிறங்கள் துலங்கும். பிற்பகலில் கண் கூசும். ஸ்கோப்பை வைத்து அடையாளம் காண்பதானால் விடிந்தது முதல் 8.30 வரைதான் நேரம். மாலை என்பது நிழலுருவையும் ஒலியையும் வைத்து எண்ணுவதற்கு.

பலரும் ஓத நேரத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தை, விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் பக்கம் ஓத ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆழமில்லாத இந்தச் சதுப்பில் தண்ணீரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தள்ளுவதில் காற்றுக்கும் பெரும் பங்கு உண்டு. நேற்று முன்தினம் வறண்டிருந்த ஓரத்தில் இன்று ஒரு சாண் தண்ணீர் நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். வாத்துகளும் அதன் பின்னாலேயே இடம் மாறும்.


ஏற்காட்டுப் பனி (செவ்வாய் பிற்பகல்)

நான் மலைமேல் இருப்பவன். எங்கள் ஏரியில் படகுகளுக்கு நடுவே ஒரு முக்குளிப்பான் தலைகாட்டினாலே அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் நிலைமை. 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி, இரவெல்லாம் பயணம் செய்து, தூங்கும் வாத்தைப் பார்த்துவிட்டு வருவது எனக்குக் கட்டுப்படியாகாது. உப்பங்கழி அவர்கள் சொல்வதைப் பார்த்தால் ஒரே நாளில் போய்வருவது என்ற எண்ணமே பிழை என்றல்லவா ஆகிறது?


பழைய பைனாகுலர் (செவ்வாய் இரவு)

படத்திலிருக்கும் பறவை நீலச்சிறகியின் பெட்டை. வண்டியில் கிளுவை என்று வாதாடியவர் தோற்றார்.

முகத்தை மட்டும் பாருங்கள். கண்ணின் குறுக்கே ஒரு கரிய கோடு, அதற்கு மேலே வெளிறிய புருவம். இவை இரண்டும் கிளுவைப் பெட்டைக்கும் ஓரளவு உண்டு. ஆனால் அலகின் அடியில், கன்னம் தொடங்கும் இடத்தில், சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் ஒரு வெளிறிய பொட்டு இருக்கிறது. அதற்குக் கீழே, கன்னத்தின் குறுக்கே இரண்டாவது கோடு ஒன்று மங்கலாக ஓடுகிறது. தொண்டை வெண்மை. ஆக, முகம் முழுவதும் பட்டை பட்டையாகத் தெரிகிறது. கிளுவைப் பெட்டையின் முகம் இவ்வளவு பட்டைகள் இல்லாமல் சாதுவாக இருக்கும். அதற்குப் பதிலாக வாலின் அடிப்பக்கம் ஓரத்தில் வெளிறிய கீற்று ஒன்று இருக்கும். உங்கள் படத்தில் வால் பக்கம் நன்றாகத் தெரிகிறது, கீற்று இல்லை. பறக்கும்போது பார்க்க நேர்ந்தால் கிளுவையின் சிறகில் பச்சை மின்னும்.

மற்ற இரண்டும் ஆணா, பெட்டையா என்று எழுதவில்லையே? நீலச்சிறகி ஆணுக்கு வெள்ளைப் புருவம் பிறைபோல் பின்கழுத்து வரை வளைந்து இறங்கும். அது வந்துவிட்டால் தவறவிட முடியாது. வாத்து ஆண்கள் இனப்பெருக்கம் முடிந்ததும் பளபளப்பான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையின் பழுப்பை உடுத்திக்கொள்கின்றன. அக்டோபரில் இங்கு வந்து சேரும்போது பாதிக்கு மேல் அந்தக் கோலத்தில்தான் இருக்கும். நீலச்சிறகி புதுச் சட்டை போடுவதற்கு மற்ற வாத்துகளைவிட அதிக நாள் எடுத்துக்கொள்ளும். புதிதாகப் பழகுபவர்கள் அக்டோபரில் போய்த் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட ஜனவரி, பிப்ரவரியில் போவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

பெயர்க் குழப்பம் பற்றி ஒரு முணுமுணுப்பு. நான் சுற்றிய ஊர்களில், சிறிய வாத்து எதுவாக இருந்தாலும் சிறகி என்றே சொல்லக் கேட்டிருக்கிறேன். சீழ்க்கைச் சிறகி நம் ஊரிலேயே ஆண்டு முழுவதும் இருப்பது. நீலச்சிறகி இமயத்தைத் தாண்டி வருவது. ‘சிறகி 200’ என்று மட்டும் பட்டியலில் எழுதி அனுப்பினால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.


வரப்புக்கணக்கு (புதன் காலை)

பத்தாயிரம் என்ற எண்ணிக்கையை ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மனம் புண்படக் கூடாது, ஐயா. நீங்கள் இணைத்திருக்கும் இரண்டாவது படத்தைக் கணினியில் பெரிதாக்கி, சதுரம் சதுரமாகப் பிரித்து, புள்ளி வைத்து எண்ணினேன். எனக்குக் கிடைத்தவை 870. படத்துக்கு வெளியே இருபுறமும் அதே அளவு பட்டை நீண்டிருந்தது என்று வைத்துக்கொண்டாலும் மூவாயிரத்தைத் தாண்டுவது கடினம்.

கூட்டத்தைக் கண்டதும் வாயில் வரும் எண்ணை எழுதுவது நம் எல்லாருக்கும் உள்ள பழக்கம். பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து ஸ்கோப்பின் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டு, அதே அளவால் நூறு வரை நகர்த்த வேண்டும். பிறகு நூறு எவ்வளவு இடம் என்று பார்த்து மீதியை அளக்க வேண்டும். தாழ்வான இடத்திலிருந்து பார்க்கும்போது முன்வரிசை பின்வரிசையை மறைக்கும் என்பதால் உண்மையில் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். கானலோ ஒன்றை இரண்டாகக் காட்டும். இரண்டும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடும் என்று நம்புவதற்கில்லை.

இதில் விடாப்பிடியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையும் தன் பங்குக்கு ஈரநிலங்களில் எண்ணுகிறது. கோடியக்கரை 2002இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்த ஒரே இடம் அதுதான். அப்படிப்பட்ட இடத்தில், ஓர் ஆண்டு பத்தாயிரம், மறு ஆண்டு மூவாயிரம் என்று நம்மைப் போன்றவர்கள் பதிந்துவைத்தால், வாத்து குறைந்துவிட்டது என்று யாரேனும் கட்டுரை எழுதிவிடுவார்கள். குறைந்தது வாத்தா, நம் ஆர்வமா என்று பிறகு பிரித்தறிய இயலாது.


மூக்கனேரிக்கரை (புதன் இரவு)

அனைவருக்கும் நன்றி. நீலச்சிறகி என்று நான்தான் சொன்னேன் என்பதை இங்கே பதிவுசெய்துகொள்கிறேன். தோற்றவர் இன்னும் வாய் திறக்கவில்லை. மற்ற இரண்டும் பெட்டைகளே, பிறைப் புருவம் எதிலும் இல்லை.

எண்ணிக்கையில் வரப்புக்கணக்கு அவர்களோடு பாதி உடன்படுகிறேன். படம் கூட்டத்தின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அடக்கவில்லை. உப்பளத்து மேட்டுக்கு அப்பாலும் ஒரு கிளை இருந்தது. ஆனாலும் பத்தாயிரம் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. பறவைப் பட்டியல்களைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் எண்ணை நீக்கிவிட்டு, இருந்தன என்பதைக் குறிக்கும் பெருக்கல் குறியை மட்டும் இட்டுவிட்டேன்.

ஏற்காட்டு நண்பர் கேட்டதுதான் எனக்கும் உறுத்துகிறது. ஒரே நாளில் போய்வர முடியும் என்று இன்னும் நம்புகிறேன். வண்டி மாலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும், அவ்வளவே.


தெற்கு மதகு (வியாழன் காலை)

நான் பனமரத்துப்பட்டிப் பக்கம். சற்று மாறுபட்டுப் பேச அனுமதி வேண்டும்.

தூங்கும் ஊசிவாலைக் கானலில் பார்ப்பதற்கு 300 கிலோமீட்டர் போகிறவர்களில் எத்தனை பேர், கன்னங்குறிச்சியில் மூக்கனேரித் திட்டுகளின் ஓரம் நிற்கும் புள்ளிமூக்கு வாத்தை அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறோம்? அது எங்கும் வலசை போகாத உள்ளூர்ப் பறவை என்பதால் நமக்கு இளக்காரம். வாத்து எப்படி நீரை உறிஞ்சி அலகின் ஓரத்தால் வடிகட்டுகிறது, எப்படி எண்ணெய் எடுத்து இறகில் பூசுகிறது, எழும்பும்போது சிறகுப் பச்சையும் வெள்ளையும் எந்தக் கணத்தில் தெரிகின்றன என்பதையெல்லாம் வெறுங்கண்ணால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல ஆசான் கிடையாது. நாமக்கோழியை வாத்து என்று எண்ணிவிடும் பிழையும் வீட்டுப் பக்கத்திலேயே தீர்ந்துவிடும். நெற்றியில் நாமம் இட்ட அந்தக் கரிய பறவை வாத்தே அன்று.

எங்கள் பனமரத்துப்பட்டி ஏரி வெள்ளையர் காலத்தில் சேலத்தின் குடிநீருக்காகக் கட்டப்பட்டது. தண்ணீர் நிற்கும் ஆண்டுகளில் குளிர்காலத்தில் இங்கே நீலச்சிறகி கண்டிருக்கிறேன். வறண்ட ஆண்டுகளில் சீமைக்கருவேலம்தான். மேட்டூர் அணை 1934 முதல் இருக்கிறது, கடல்போல் தண்ணீர், ஆனால் 120 அடி ஆழத்தில் தலைகீழாக நின்று மேய எந்த வாத்தாலும் முடியாது. மட்டம் இறங்கும்போது தெரியும் ஓரச் சேறு மட்டுமே அவற்றுக்குப் பயன்படும். தண்ணீர் இருப்பது வேறு, வாத்துக்கு இடம் இருப்பது வேறு.

கூட்டம்தான் வேண்டும் என்றால் இடைவழியிலேயே அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி இருக்கிறது. வரித்தலை வாத்து வரும் இடம். திபெத், மங்கோலியப் பக்கமிருந்து இமயத்தைக் கடந்து வரும் பறவையை அங்கே பார்த்துவிட்டு இரவுச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கடலோரமேதான் வேண்டும் என்பவர்களுக்கு மரக்காணம் அருகே கழுவேலி உண்டு. 2021இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. சேலத்திலிருந்து தூரமும் குறைவு.


உப்பங்கழி (வியாழன் இரவு)

தெற்கு மதகு அவர்கள் சொல்வதில் மறுக்க ஏதுமில்லை. ஆயினும் ஒரே மாலையில் வாத்து, பூநாரை, ஆலா, கடற்காகம், உள்ளான் கூட்டம் எல்லாம் ஒரு சேர எழும்பும் காட்சி ஏரியில் கிடைக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் காட்டை முறித்துப்போட்டபோது இனி என்ன வரும் என்று நினைத்தோம். மரம் முறிந்தாலும் சதுப்பு இருந்தது; பறவைகளுக்கு அது போதுமாயிருந்தது.

மூக்கனேரிக்கரை ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: மாலை 6 மணிக்கு வண்டியை எடுக்காதீர்கள். 6.40 வரை பொறுங்கள். உப்பளத்துக்குள் இறங்குவதானால் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்; சாலையிலிருந்தே பார்ப்பதற்கும் குறைவில்லை.


மூக்கனேரிக்கரை (இரண்டு வாரம் கழித்து, திங்கள்)

மீண்டும் போய்வந்தோம். ஒரே நாள் என்ற பிடிவாதத்தை விட்டு, சனிக்கிழமை பகலில் போய் வேதாரண்யத்தில் இரவு தங்கினோம்.

சனி மாலை 6.10க்குச் சூரியன் மறைந்தது. கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. உப்பளத்திலிருந்து சைக்கிளில் திரும்பிய பெரியவர் ஒருவர் நின்று, “சிறகிக்கா நிக்கிறீங்க? கண்ணால தேடாதீங்க தம்பி, காதக் குடுங்க” என்றார். அவர் சொன்னபடியே முதலில் கேட்டது ஒலிதான். மெல்லிய துணியைத் தலைக்கு மேலே கிழிப்பதுபோன்ற சிறகோசை. பிறகு மேற்கு வானத்தின் எஞ்சிய செம்மையில் கோடு கோடாக வந்தன. நீண்ட மெல்லிய கழுத்தும் கூரிய வாலுமாக ஊசிவால்கள் வரிசை கட்டின. நீலச்சிறகிகள் சிறு கும்பலாக நெருங்கி, ஒரே நேரத்தில் திரும்பி, எங்கள் தலைமேல் வளைந்து வயல் பக்கம் போயின. அவற்றில் ஒன்று கத்தியதைக் கேட்டோம்; சீப்பின் பற்களில் நகத்தை ஓட்டினால் எழும் கரகரப்பு அது. முன்பாரம் ஏற்றிய மாட்டுவண்டிபோல் அலகு கனத்துப் பறந்தவை தட்டைவாயன்கள் என்பதை நண்பர் சொன்ன பிறகே நான் கண்டுகொண்டேன். இருட்டிய பிறகும் ஓசை ஓயவில்லை. நாங்கள் டார்ச் அடிக்காமல் நின்றோம்.

மறுநாள் 5.30க்கே சாலையில் இருந்தோம். மழைக்கோட்டைப் போட்டும் குளிர் அடங்கவில்லை. கடற்காற்றில் ஸ்கோப்பின் மூடியைக் கழற்றவே விரல் வளையவில்லை. 6.05 முதல் 6.50 வரை திரும்பிவந்தவற்றைப் பத்துப் பத்தாக எண்ணினோம். இருவர் எண்ண, ஒருவர் எழுத, நான்காமவர் எண்ணியவர்களோடு பேசாமல் இருப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். எனக்கு 1,140, நண்பருக்கு 1,260. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறோம். வரப்புக்கணக்கு அவர்கள் எதை ஏற்கச் சொல்கிறாரோ அதைப் பதிகிறேன்.

வெயில் ஏறுமுன், சூரியன் முதுகில் இருக்க, ஓர் ஊசிவால் ஆண் சுமார் 60 அடியில் இறங்கியது. காப்பிக்கொட்டை நிறத் தலை. பின்கழுத்தின் பழுப்புக்குள் ஊசிமுனைபோல் ஏறி நிற்கும் வெள்ளைக் கோடு. தலையை முக்கி, செங்குத்தாக நின்று, வால் மட்டும் வெளியே தெரிய, கால்களைத் துடுப்புபோல் அடித்துக்கொண்டே எட்டு நொடி இருந்தது. எழுந்ததும் அலகிலிருந்து சேறு ஒழுகியது. இரவில் மேய்ந்தது போதவில்லைபோலும்.

திரும்பும் வழியில் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் காப்பிடத்தில் நண்பகலைக் கழித்தோம். நத்தைகுத்தி நாரைகளின் இரைச்சலில் வண்டி ஓட்டுநர்கூட இறங்கிவந்து பார்த்தார்.

பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை மறுபடியும் கிளம்புகிறோம். வண்டியை மாற்றிவிட்டோம். ஓர் இடம் காலியாக இருக்கிறது. சொந்தமாக ஸ்கோப் வைத்திருப்பவருக்கு முன்னுரிமை.


ஏற்காட்டுப் பனி (திங்கள் இரவு)

ஸ்கோப் இல்லை, கனமான கம்பளி இரண்டு இருக்கிறது. அந்த இடத்தை எனக்கு ஒதுக்குங்கள்; வெள்ளி இரவே மலையிறங்கி வந்துவிடுகிறேன்.